இடப்பக்கத்துக் கடிகாரம்

செவ்வாய்க்கிழமை காலை நான் கோயிலைத் திறந்தபோது, இடப்பக்கம் பதினோராவது வரிசையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. வரிசைக்கு ஆறுதான் இருக்க வேண்டும். பின்னால், கடைசியான பன்னிரண்டாவது வரிசையில் ஐந்துதான் மிச்சம். யாரோ கடைசி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, நடுப்பாதையில், பதினோராவது வரிசையின் ஓரத்தை ஒட்டி, பீடத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். புதன்கிழமை காலை பத்தாவது வரிசையில் ஏழு நாற்காலிகள்.

என் பெயர் நார்டு. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் முப்பத்தொரு வருடம் பிட்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, மால்டாவில் எங்கள் ஊரான ஹல் புர்தானின் கத்தோலிக்கக் கோயில் சாவிகளும் கோபுரக் கடிகாரமும் என் கைக்கு வந்தன. ஒரு பொருள் நகர்ந்தால் அதை ஏதோ ஒன்று நகர்த்தியிருக்க வேண்டும்; சாய்வு, காற்று, அதிர்வு, மனிதக் கை, இந்த நான்கில் ஒன்று. இப்படித்தான் நான் யோசித்துப் பழகியவன். அதனால் நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

கோலிக்குண்டு ஒன்றைத் தரையில் வைத்தேன். அது வாசல் பக்கமாக உருண்டது. தரை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, நாற்காலியோ முன்னோக்கிப் போகிறது. மெழுகுவர்த்தி ஏற்றி நடுப்பாதை நெடுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுடர் நேராக நின்றது. தட்டில் தண்ணீர் வைத்து மணி அடிக்கும்போது பார்த்தேன். தண்ணீரில் மெல்லிய வட்டங்கள் வந்தன, நாற்காலியின் கால் அசையவில்லை. கடைசியாக, புதன்கிழமை மாலைப் பூசைக்கு முன் கடைசி வரிசை நாற்காலிகளின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டேன். பூசை முடிந்து ஆட்கள் போனதும் பார்த்தால் ஒன்பதாவது வரிசையில் ஏழு. சாக்பீஸ் வட்டங்கள் கொஞ்சமும் கலையவில்லை. இழுத்திருந்தால் கோடு அழிந்திருக்கும். தூக்கி வைத்திருந்தால் தூக்கியவரை யாராவது பார்த்திருக்க வேண்டும். உள்ளே முப்பது பேர் இருந்தார்கள்.

வியாழக்கிழமை அந்த நாற்காலியையே பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில் வைத்துப் பூட்டினேன். மாலையில் வேறொரு நாற்காலி எட்டாவது வரிசைக்குப் போயிருந்தது. ஆக, விஷயம் நாற்காலியில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஏழாவது வரிசை. அங்கே ஓரத்து இருக்கை ஜக்புவுடையது. அறுபது வருடமாக எங்கள் ஊரில் செபமாலைக்கு முதல் குரல் கொடுப்பவர் அவர். மீன் வண்டியில் கூவிய தொண்டை. அன்று பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், நடுப்பாதையில், காலி நாற்காலி. பின்னிய புல் இருக்கை நடுவில் குழிந்திருந்தது, ஆள் உட்கார்ந்தால் குழிவதுபோல.

பூசை முடிந்து வெளியே வந்தவரிடம் கேட்டேன். "என்ன ஜக்பு, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லையே."

"பின்ன ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம், வருத்தம், எதுவும் அந்தக் கண்களில் இல்லை. "எதுக்குச் சொல்லணும்?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்பவரைப் போல இருந்தது அந்தக் குரல். அதன் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. அவர் மகள் சொன்னாள், அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், மற்ற நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று.

சனி, ஞாயிறு எதுவும் நகரவில்லை. அந்த இரண்டு நாளும் காலைப் பூசை மட்டும்தான். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். திங்கள் மாலை ஐந்தரைப் பூசையில் ஆறாவது வரிசை. செவ்வாய் ஐந்தாவது, அங்கே உட்கார்ந்திருந்த தையற்காரி மறுநாளிலிருந்து வரவில்லை. புதன் நான்காவது. வியாழன் மூன்றாவது. முப்பது பேர் வந்த பூசைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். யாரும் எதையும் உரக்கப் பேசவில்லை. வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது வரிசை. முதல் வரிசையின் ஓரத்தில் உட்காருபவள் என் மனைவி பிலுமேனா.

அன்றிரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தக்காளியில் தேய்த்தபடி அவளிடம் சொன்னேன். "திங்கக்கிழமை ஒரு நாள் வீட்ல இரு."

"முடியாது."

"பிலு, நீயே பாத்தியே ஜக்புவ."

"பாத்தேன். அதுக்கு?"

"வலப்பக்கமாவது போய் உக்காரேன்."

"ஏங்க, என் கால் ஆபரேஷனுக்கு முன்னாடி நான் நேந்துக்கிட்டது என்ன? ஒரு வருஷம், தினம் பூசை, அதே எடம். இன்னும் நாப்பது நாள் பாக்கி. அவன் வரான்னு நான் ஏன் எழுந்து போகணும்? எடம் என்னுது. அவன் போகட்டும்."

எங்கள் ஊரில் நரகத்தின் அதிபதி பெயரை யாரும் சொல்வதில்லை. 'அவன்' என்றால் போதும், தெரியும்.

"கால் வலிக்குது, தைலத்த எடுங்க," என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இருபத்தாறு வருடம் அவளோடு வாழ்ந்தவன் நான். அவள் பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் முனகும் பாட்டு எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சாப்பிடுவாள், தூங்குவாள், நான் பாட்டைப் பற்றிக் கேட்டால் "எதுக்கு?" என்பாள். அன்றிரவு முழுவதும் எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

சனிக்கிழமை காலை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் நாள். வலக்கோபுரத்தில் ஏறி, இரண்டு எடைக்கற்களையும் நூற்று நாற்பது சுற்றுச் சுற்றி மேலே தூக்க வேண்டும். ஒரு கல் இறங்கும்போது முட்களை ஓட்டும். இன்னொன்று மணியை அடிக்கும். வேலை முடிந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். கீழே சதுக்கத்தில் என் தங்கை லிபராட்டா கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்க, கையில் மஞ்சள் குடையுடன் நின்றிருந்தாள். மால்டாவில் குடை மழைக்கு அல்ல, கூட்டத்துக்கு. அவள் எதிரே இருபது வெளிநாட்டுக்காரர்கள்.

"ரெண்டு கோபுரம், ரெண்டு கடிகாரம்," என்று வழக்கமான பாடத்தை ஆரம்பித்தாள். "வலப்பக்கம் இருக்கறது நிஜம். எங்க அண்ணன்தான் அதுக்குச் சாவி குடுக்கறாரு, அதோ, ஜன்னல்ல மொட்டைத் தலை தெரியுது பாருங்க. இடப்பக்கம் இருக்கறது வெறும் பெயிண்ட். பூசை எத்தன மணிக்குன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. அவன் எப்பவும் இடது பக்கம்தான் பாப்பான். பாத்து ஏமாந்து போவான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் இடப்பக்கத்தைப் படம் எடுத்தார்கள்.

ஒரு கிழவர் மட்டும் எடுக்கவில்லை. கையில் ஒரு தபால் அட்டையை வைத்துக்கொண்டு மேலே பார்ப்பதும் அட்டையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் கீழே இறங்கி வந்தபோது லிபராட்டா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தத் தாத்தா ஹாலந்துலேந்து வந்திருக்காரு. இவங்கப்பா மாலுமியாம். அறுபத்தொண்ணுல இங்கேந்து அனுப்புன கார்டாம் இது. ஏதோ ஓடுதுங்கறாரு."

"எது ஓடுது?"

"பெயிண்ட் கடிகாரம் ஓடுதாம்!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ சாவி குடுக்காமலே ஓடுது பாத்தியா. உன் வேலைக்கு ஆபத்து வந்திருச்சு."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் எங்கள் கோயில். இடக்கோபுரத்தில் வரைந்த கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. பெரிய முள் நான்காம் எண்ணின் மேல் சாய்ந்து கிடந்தது.

பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் பிறந்த எவரும் அந்த இடப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. சின்ன வயதில் பார்த்தால் பிடரியில் அடி விழும்: "அது அவனுக்கு, உனக்கில்ல!" கொஞ்ச நாளில் கண் தானாகவே அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். என் வீட்டு வாசலிலிருந்து அது தெரிகிறது. ஐம்பத்தொன்பது வயதுவரை அது என்ன மணி காட்டுகிறது என்று நான் படித்ததில்லை.

பெரிய முள் நேராக ஆறைத் தொட்டுத் தொங்கியது. சின்ன முள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே. ஐந்தரை.

பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது, எங்கள் பங்குச் சாமியார் டுன் சல்வு மாலைப் பூசையை ஆறு மணியிலிருந்து ஐந்தரைக்கு மாற்றியிருந்தார். பக்கத்து ஊரிலும் அவரேதான் பூசை வைக்க வேண்டும், ஆள் பற்றாக்குறை. அறிவித்தபோது கோயிலில் இருந்த எவரும் வெளியே வந்து இடப்பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் பார்க்க மாட்டோம். மாற்றிய முதல் திங்கட்கிழமைதான் முதல் நாற்காலி நகர்ந்தது.

ஓடாத கடிகாரமும் ஒரு நாளில் இரண்டு முறை சரியான நேரம் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதை வரைந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் எந்தக் காலத்திலும் எந்தப் பூசையும் தொடங்காத ஐந்து இருபதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் சரியான நேரத்தில் வந்தாலும் உள்ளே ஒன்றும் நடக்காது. அந்த ஏற்பாடு கெட்டுப்போயிருந்தது.

நேராக என் மைத்துனன் பினுவின் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஜூலையிலும் திருவிழாவுக்கு முன் கோபுரத்தின் உச்சியிலிருந்து கயிற்றுப் பலகையில் தொங்கி அந்தக் கடிகாரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவன் அவன். அவனுக்கு முன் அவன் அப்பா.

"முள்ள எதுக்குடா நகர்த்தின?"

"என்ன மச்சான், காலைலேயே ஏத்திக்கிட்டீங்களா? நான் எதையும் நகர்த்தல. மணி என்னன்னு பாக்கறதே இல்ல, பழைய கோட்டு மேலதான் அடிக்கறேன். எங்கப்பாவும் அப்டித்தான்."

"கயித்த எடு. மேல போலாம்."

"இப்பவா? ஷ்லோக் அடிக்குது மச்சான். கல்லு வேர்த்து ஊத்துது."

ஷ்லோக் என்பது தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று. அது வீசும் நாட்களில் எங்கள் சுண்ணக்கல் சுவர்கள் எல்லாம் வியர்க்கும். துணி காயாது, உப்பு கரையும், மனிதர்கள் சண்டை போடுவார்கள். இருந்தாலும் பினு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் மேலே பிடித்துக்கொள்ள, நான் பலகையில் உட்கார்ந்து இறங்கினேன். என் முகத்துக்கு எதிரே அந்தக் கடிகாரம். வண்ணம்தான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கத்தியால் நான்காம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் இடையே வெள்ளைப் பூச்சைச் சுரண்டினேன். உள்ளே மங்கிய கறுப்பு. பக்கத்தில் சுரண்டினால் இன்னொரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே இன்னொன்று. விரித்த விசிறியின் மடிப்புகள்போல, நான்கிலிருந்து ஆறு வரை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பழைய முட்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் நுனியில் ஒரு விரல் அகலம்.

அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அது எப்படி நடந்தது என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சங்கடத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நான்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் முள்ளுக்கு மேல் ஓரம், கீழ் ஓரம் என்று இரண்டு உண்டு. மழையும் கடல் உப்பும் மேல் ஓரத்தில் விழுந்து அதை வெளுக்க வைக்கும். கீழ் ஓரம் தப்பிக்கும். ஜூலையில் பெயிண்ட் அடிப்பவன் வந்து பார்க்கும்போது கீழ்ப்பாதி மட்டும் கறுப்பாக மிச்சம் இருக்கும். மிச்சம் இருப்பதுதான் முள்ளின் நடு என்று அவன் நினைத்து, வெளுத்ததை வெள்ளையால் மூடிவிட்டு, இரண்டு பக்கமும் சரிபாதி அகலம் வைத்து அடிப்பான். அந்த வருடம் முள் ஒரு விரல் கீழே இறங்கிவிடும். அடுத்த வருடம் இன்னொரு விரல். அறுபது வருடம், அறுபது பூச்சு. முள் நேராகக் கீழே தொங்கும் நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஓரம் என்று ஒன்று கிடையாது. மழை இரண்டு பக்கமும் சமமாக வழியும். அங்கே அது நின்றுவிடும். சின்ன முள் முதலிலிருந்தே கிட்டத்தட்டத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, அதனால் அது கொஞ்சம்தான் நகர்ந்தது.

ஆக, மழை அறுபது வருடமாக அந்த முள்ளைச் சரியாக ஐந்தரைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வந்து நின்ற வருடத்தில் நாங்கள் பூசையை ஐந்தரைக்கு மாற்றினோம். முதல் பாதிக்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு இன்றுவரை இல்லை.

"பினு! பெயிண்ட இறக்கு! இப்பவே அழிச்சிட்டுப் பழைய எடத்துல போட்டுடலாம்."

இறக்கினான். வெள்ளையைத் தொட்டு வைத்தேன். அது கல்லில் பிடிக்காமல் பால்போல வழிந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி வழிந்தது.

"நாந்தான் சொன்னேனே!" என்று மேலிருந்து கத்தினான். "கல்லு காய நாலு நாளாவது ஆவும். புதன்கிழமைக்கு முன்னாடி வேலைக்கு ஆகாது, மச்சான்."

எனக்குத் திங்கட்கிழமை வேண்டியிருந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் டுன் சல்வுவைப் பிடித்தேன். பூசை உடையைக் கழற்றிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கால் மணி நேரம் தள்ளி வைங்க, சாமி."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

"நார்டு, நீ மெஷின் தெரிஞ்ச ஆளு. நீயே இப்படிப் பேசினா எப்படி? சுவத்துல வரைஞ்ச படத்துக்குப் பயந்து பூசைய மாத்தினேன்னு பிஷப்கிட்ட போய் நான் சொல்லணுமா? ஆறரைக்கு அடுத்த ஊர்ல நிக்கணும், தெரியும்ல?"

"ஜக்புவப் பாத்தீங்களா, சாமி?"

"ஜக்புவுக்கு எண்பத்து மூணு வயசு."

"தையக்காரிக்கு நாப்பது."

அவர் கழற்றிய உடையை மடித்து அலமாரியில் வைத்தார். நேரத்தை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை.

சுவரில் உள்ள முள்ளை என்னால் நகர்த்த முடியாது. பிலுமேனாவை நகர்த்த முடியாது. சாமியாரை நகர்த்த முடியாது. என்னால் நகர்த்த முடிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று இரவு படுக்கையில் தோன்றியது. டுன் சல்வு கையில் கடிகாரம் கட்டுவதில்லை. போனைக் காரிலேயே வைத்துவிடுவார். கோபுரத்தில் அரை மணி அடித்தால் அறையிலிருந்து வெளியே வருவார். அந்த மணியை அடிப்பது என் கடிகாரம்.

திங்கட்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு வலக்கோபுரத்தில் ஏறினேன். மணியடிக்கும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது, பற்கள் சிக்கிக்கொள்ளும். அதைத் தாமதமாக்க ஒரே வழி, ஊசலைப் பிடித்து நிறுத்தி, தேவையான நேரம் கழித்து விடுவதுதான். என் போனில் ஐந்து இருபத்தைந்து ஆனதும் ஊசலை நடுவில் பிடித்தேன். டக் டக் நின்றது. கோபுரத்துக்குள் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

கடிகார அறையின் உள்சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாகக் கோயிலின் உள்ளே பார்க்கலாம். வலப்பக்கம் ஆறேழு தலைகள். இடப்பக்கம் முதல் வரிசை ஓரத்தில் பிலுமேனா மட்டும், கறுப்புக் கம்பளிச் சால்வையுடன். கையில் செபமாலை. இரண்டாவது வரிசையின் ஓரத்தில், வெள்ளிக்கிழமை நான் எடுக்காமல் விட்டுவைத்த ஏழாவது நாற்காலி.

ஊசலை நடுவில் பிடித்திருந்தால் அதன் எடை தெரியாது. அதன் பாரமெல்லாம் மேலே தொங்கும் கம்பியில்தான். குழந்தைகூடப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஐந்து இருபத்தொன்பது வரை அப்படித்தான் இருந்தது.

போனில் ஐந்து முப்பது ஆனபோது அது என் உள்ளங்கையைத் தள்ளியது.

முதலில் மெதுவாக. பிறகு பலமாக. ஒரு மாடு தலையை வைத்துத் தள்ளுவதுபோல. இரண்டு கையாலும் பிடித்தேன், தோளைக் கொடுத்தேன். கீழே வாசல் திரை, அந்தக் கனத்த தோல் திரை, உள்பக்கமாக வீங்கி மறுபடி தளர்ந்தது. வலப்பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஒரு கணம் கண்ணில் வியர்வை விழுந்து சிமிட்டினேன். கண்ணைத் திறந்தபோது ஏழாவது நாற்காலி பிலுமேனாவின் பக்கத்தில் இருந்தது. அதன் புல் இருக்கை மெதுவாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழிந்தது.

அவள் திரும்பவில்லை. மணிகளை உருட்டும் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் அந்த விரலையே பார்த்தேன். அது நின்றால் ஊசலை விட்டுவிட்டுக் கீழே ஓட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஓடியும் பயனில்லை என்றும் தெரிந்தது. நூற்றுப்பதினெட்டுப் படிகள்.

ஐந்து முப்பத்தொன்று. பீடத்தில் யாருமில்லை. மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. பூசை தொடங்கவில்லை. ஐந்து முப்பத்திரண்டு. விரல் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்து காத்திருந்தான். சரியான நேரத்துக்கு வந்து, நாள் மாறி வந்துவிட்டோமோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பவனைப்போல இருந்திருக்கும், அவனைப் பார்க்க முடிந்திருந்தால்.

முப்பத்து மூன்றில் ஊசலின் தள்ளல் சட்டென்று நின்றது. நான் முன்னால் சரிந்து கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது புல் இருக்கை மேலெழுந்து சமமாகியிருந்தது. நாற்காலி பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தோல் திரை வெளிப்பக்கமாக ஒருமுறை வீங்கி அடங்கியது.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஊசலை விட்டேன். ஐந்து நாற்பதுக்கு என் கடிகாரம் அரை மணி அடித்தது. டுன் சல்வு வெளியே வந்தார். முதல் செபத்துக்கு எல்லோரையும்விட உரக்க "ஆமென்" சொன்ன குரல் பிலுமேனாவுடையது.

பூசை முடிந்து நான் கீழே வந்ததும் சாமியார் போனை ஆட்டிக்கொண்டு என் மேல் பாய்ந்தார். "பத்து நிமிஷம் லேட்டு! என்ன செஞ்சு வச்சிருக்க கடிகாரத்த?" அப்போது அவர் கண் நடுப்பாதைக்குப் போனது. திரும்பி நின்ற நாற்காலியை அவர் வெகு நேரம் பார்த்தார். போனைப் பையில் வைத்தார். காரில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது பிலுமேனாவிடம் கேட்டேன், "பக்கத்துல ஏதாவது தெரிஞ்சுதா?"

"குளிரு. அப்புறம், ஏங்க, அவன் மணி என்னன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"'ஏன், நீ கடியாரத்தப் பாத்துட்டுத்தான வந்த?'ன்னு கேட்டேன்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து மாலைப் பூசை ஐந்தே முக்காலுக்கு. சாலையில் நெரிசல் அதிகமாகிவிட்டது என்று டுன் சல்வு அறிவித்தார். எந்தச் சாலை என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி அதன் பிறகு நகரவில்லை. தையற்காரி ஈஸ்டருக்குத் திரும்பி வந்தாள். ஜக்பு இன்னும் வரவில்லை. போன வாரம் அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, இன்று என்ன மீன் என்று கேட்டதாக மகள் சொன்னாள்.

கல் காய்ந்ததும் பினுவும் நானும் அந்த விசிறி முழுவதையும் சுரண்டி எடுத்தோம். ஒரே தகரத் தகட்டில் ஐந்து இருபது காட்டும் இரண்டு முட்களின் வடிவத்தையும் வெட்டினேன். கடிகாரத்தின் நடுவிலும் பன்னிரண்டாம் எண்ணின் மேலும் கல்லில் இரண்டு பித்தளை ஆணிகள் அடித்து, தகட்டில் அதே அளவுக்கு இரண்டு துளைகள் போட்டேன். ஒரு ஆணி மட்டும் இருந்தால் தகடு சுற்றும். இரண்டு இருந்தால் சுற்றாது. அதை மாட்டி ஐந்து இருபதை மறுபடி அடித்தோம்; தகடு இப்போது கடிகார அறையில் தொங்குகிறது. அதன் பின்னால் எனக்குப் பிறகு வருபவர்களுக்காக இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

ஒவ்வொரு ஜூலையிலும் பழைய முட்களை முழுவதும் வெள்ளையால் மூடு. தகட்டை இரண்டு ஆணிகளிலும் மாட்டு. வெட்டிய இடத்துக்குள் மட்டும் கறுப்பு அடி. பழைய கோட்டைப் பார்த்து அடிக்காதே. பூசை நேரத்தை மாற்றுவதாக இருந்தால், முதலில் வெளியே போய் இடப்பக்கத்துக் கடிகாரத்தைப் பார்.